உறைந்தது கரையுமுன்

சின்னவளின் ரத்தம் உறைந்த பிறகு ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் கரைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த அன்று, வீட்டில் அவளுக்கு இருந்த பட்டம் பறிபோனது.

அதுவரை சில மாதங்களாக மாமியார் அவளைத் 'தங்கம்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்பெல்லாம் 'ஏம்மா', 'இந்தாம்மா', கோபம் வந்தால் 'உங்க வீட்டுல இப்படித்தானா?'. பட்டம் சும்மா வரவில்லை. அவள் கணவனின் அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் பாதி நாள் மெஷினோடு படுத்துக் கிடந்தார். யாராவது ஒருவர் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு வயது கூடிப்போயிற்று. மனைவிக்கு ரத்த அழுத்தம். தம்பிக்குச் சர்க்கரை. "எல்லாரும் ஒரு எட்டு பாத்துடலாமே" என்று கூட்டத்தோடு கூட்டமாகச் சின்ன மருமகளுக்கும் பரிசோதனை செய்ததில், கடைசியில் அவளுடையதுதான் பொருந்தியது.

டாக்டரின் போன் வந்தபோது எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். மாமியார் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஓரகத்தி பார்த்தாள். கணவன் தட்டைப் பார்த்தான். சின்னவளின் வாயில் பாதி மென்ற ரொட்டி. அதை விழுங்கிவிட்டு "சரி" என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? டி.வி. சத்தத்தைக் குறைக்கவா, சரி. வீட்டுத் திரைச்சீலைக்குப் பச்சை வேண்டாமா, சரி. அந்த வரிசையில் இதுவும் ஒரு சரியாகப் போய்விட்டது.

அப்புறம் அவளைத் தரையில் விடவில்லை. கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார்கள். "குனியாத தங்கம், கிட்னி அமுங்கிடும்" என்றார் மாமியார். படிகளில் ஓரகத்தி அவள் இடுப்பில் கை கொடுத்து இறக்கினாள், இரவல் வாங்கிய கண்ணாடிப் பாத்திரத்தை உடைக்காமல் திருப்பித் தர வேண்டுமே என்கிற கவலையோடு. திட்டினால் எதிர்த்துப் பேசலாம். கதவைச் சாத்தினால் தட்டலாம். தலையணை சரி செய்து, பழம் நறுக்கிக் கொடுத்து, "உன்னாலதான் இந்தக் குடும்பமே நிக்குது" என்று கண் கலங்குபவர்களிடம் என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்து, "உங்களுக்கு முழுச் சம்மதந்தானா? வேண்டாம்னா இப்பவே சொல்லலாம்" என்று நிதானமாகக் கேட்டார். கதவின் மங்கலான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியாரின் நிழல் நின்றுகொண்டிருந்தது. "சரிங்க" என்றாள் சின்னவள்.

அந்த டாக்டரம்மாவிடம்தான் பேச்சுவாக்கில் பல் பிடுங்கிய கதையைச் சொன்னாள். பல் பிடுங்கிய அன்று ரத்தம் ஒழுங்காக நின்றுவிட்டது. மறுநாள், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல, மறுபடி கசிய ஆரம்பித்தது. டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரையுதோ என்னவோ. ஆபரேஷனுக்கு முன்னாடி அதைப் பாத்துடணும்" என்றார். பார்த்தார்கள். கரைந்திருந்தது.

"இதை மறைச்சுத்தானே நம்ம தலையில கட்டியிருக்காங்க!" என்று மாமியார் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார். சின்னவளின் தங்கைக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அந்த வீட்டு ரத்தத்துலயே கோளாறாம்' என்ற பேச்சு மாப்பிள்ளை வீடுவரை போய்விட்டது. "அக்கா, உன் ரத்தம் கரைஞ்சா பரவாயில்ல, என் கல்யாணமும் சேர்ந்து கரையுதே" என்று தங்கை போனில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

இவ்வளவும் நடந்த அந்த நாளில் சின்னவள் வெகு காலத்துக்குப் பிறகு குப்புறப் படுத்து அயர்ந்து தூங்கினாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நிம்மதிக்கு ஆயுசு குறைவு. "ஒரு தடவை வெச்சு முடிவு பண்ண மாட்டோம், மறுபடி பாக்கணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார் அவளைக் கைப்பிடியாக அழைத்துக்கொண்டு மறுபடி அந்த மூன்றாம் மாடி ரத்தப் பரிசோதனை அறைக்கு வந்தார்.

அங்கே ரத்தம் எடுப்பவளுக்கு 'ஐஸ்பெட்டி அக்கா' என்று பெயர். வெளியே பெஞ்சில் உட்காருகிறவர்கள் வைத்தது. எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் செருகி வைப்பாள். பேச்சும் கொஞ்சம் அப்படித்தான். அவள் மேஜைமேல் எஃகுத் தொட்டி ஒன்றில் தண்ணீர் உடம்புச் சூட்டிலேயே இருந்தது. அதற்குள் நின்ற கண்ணாடிக் குழாய்களை அவ்வப்போது எடுத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்தால் உள்ளே இருப்பது அசையாமல் நின்றால் இன்னும் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீராக வழிந்தால் கரைந்துவிட்டது.

"போன தடவை இங்க வந்து உக்காருறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்று ஐஸ்பெட்டி அக்கா கேட்டாள்.

"சும்மா உக்காந்துதாம்மா இருந்தா" என்றார் மாமியார்.

"ரத்தம் உங்களோடதா, அவங்களோடதா?"

"அவளோடதுதான்."

"அப்ப அவங்க சொல்லட்டும். நீங்க வெளிய இருங்கம்மா."

"ஏன், நான் இருந்தா ரத்தம் வராதா?"

"வரும். கூடவே உங்க பதிலும் வருது. அதான் பிரச்சனை."

மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவில் பதித்திருந்த சிறிய கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. ஐஸ்பெட்டி அக்கா எழுந்து போய் அந்தக் கண்ணாடிமேல் ஒரு துணியைத் தொங்கவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க."

சின்னவள் சொன்னாள். அன்றைக்கு லிஃப்டில் கூட்டம். "நம்ம டோக்கன் போயிடும்" என்று மாமியார் அவள் கையைப் பிடித்து மூன்று மாடியும் ஓட்டமாக ஏற்றிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தபோது, "நடந்தீங்களா, ஓடினீங்களா?" என்று இதே அக்கா கேட்டாள். "இல்லவே இல்ல, கீழ உக்காந்துதான் இருந்தா" என்று பதில் வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கக்கூட நேரமில்லை.

ஐஸ்பெட்டி அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நல்ல குடும்பம்மா! இங்க பாருங்க. ரத்தம் உறையணும். உறைஞ்சது வேலை முடிஞ்சதும் கரையவும் வேணும். கரைக்கிற சரக்கு நம்ம உடம்புலயே இருக்கு. ஓடுனாலும், பயந்தாலும், அது எக்கச்சக்கமா வந்துடும். அப்ப எடுத்தா நல்ல ரத்தமே கோளாறு மாதிரி காட்டும். அரை மணி நேரம் அசையாம உக்காந்தா அடங்கிடும். எனக்கு உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. வெளிய பெஞ்சுல அசையாம உக்காருங்க, கூப்பிடுறேன். உங்களை நம்பித்தான் விடறேன்."

சின்னவள் வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்தார். 'டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன், நகராத' என்று கைப்பையைப் பெஞ்சில் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். அவள் உட்கார்ந்தாள். அசையாமல்தான் உட்கார்ந்தாள். ஆனால் அக்கா சொன்ன ஒரு சொல் காதுக்குள் புகுந்த எறும்பாக ஊர்ந்தது. ஓடினால்.

வராந்தாவின் கோடியில், துடைப்பங்களும் வாளிகளும் வைத்திருக்கும் மூலையில், துப்புரவுக்காரர்கள் போய்வரும் பின்படி இருந்தது. சின்னவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மாமியாரின் கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். விட்டுவிட்டுப் போனால் காணாமல் போகுமே. இறங்கி ஓடினாள். கீழே போய்த் திரும்பி மேலே ஓடி வந்தாள். மறுபடி இறங்கினாள். சுவரில் கை உரசியது. நெஞ்சு படபடத்தது. இன்னும் படபடக்கட்டும். கரை, கரை என்று மனதுக்குள் தன் ரத்தத்தைக் கெஞ்சினாள். மூன்றாவது முறை மேலே ஏறி வரும்போது திருப்பத்தில் ஒருவன்மேல் மோதிக்கொண்டாள். அவள் கணவன். கையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் காபி.

"என்ன பண்ற?"

"நடக்குறேன்."

"செருப்பைக் கையில வெச்சுக்கிட்டா? அம்மா பையை மாட்டிக்கிட்டா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் கோப்பைகளைப் படியில் வைத்தான். அவன் எதையும் சீக்கிரம் புரிந்துகொள்கிற ஆள் இல்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓட்டத்துக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று டாக்டரம்மா அவனிடமும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவன் முகம் மெதுவாக மாறியது.

"போன தடவையும் இப்படித்தானா?"

"இல்ல. அன்னிக்கு அத்தைதான் இழுத்துக்கிட்டு ஓடுனாங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"உனக்கு வேணாமா?"

இவ்வளவு நாளில் எத்தனையோ பேர் அவளிடம் எதையெல்லாமோ கேட்டிருக்கிறார்கள். பயமா இருக்கா, வலிக்குமா, எப்ப தேதி. வீட்டில் இப்படி யாரும் கேட்கவில்லை.

"வேணாம்."

"ஏன் என்கிட்ட சொல்லல? நீதானே சரின்னு சொன்ன."

"நான் எதுக்குங்க சரின்னு சொல்லல? பச்சைத் திரைக்கும் சரி, கிட்னிக்கும் சரி. பெரிசா ஒரு காரணம்கூட இல்லைங்க என்கிட்ட. அது எனக்குள்ள இருக்கு. என்னோடது. அவ்வளவுதான். உங்க அண்ணன் நல்லவர். அவர் நல்லா இருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா வேணாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் தோளில் உட்கார்ந்து வளர்ந்தவன். முதல் சட்டை, முதல் சைக்கிள், முதல் வேலைக்குச் சிபாரிசு, எல்லாம் அண்ணன். அவன் கண் சிவந்திருந்தது.

"ஓடு" என்றான்.

"என்னது?"

"ஓடு. நான் பாக்கல. அம்மாவைக் கீழயே பிடிச்சு வெச்சுக்கிறேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் என்ன கொடுக்கிறான், அதை எங்கிருந்து பிய்த்துக் கொடுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை. இவ்வளவு பரிதாபமும் வந்ததில்லை.

"ஆனா ஒண்ணு" என்று அவன் தயங்கினான். "அம்மா டாக்டர் ரூம்ல விசாரிச்சுட்டாங்க. சீக்கிரம் கரைஞ்சாக்கூட அதை நிறுத்தறதுக்கு மாத்திரை இருக்காம். மாத்திரை குடுத்துட்டு ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

சின்னவள் செருப்பைப் படியில் போட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரத்தம் கரைந்தால் மாத்திரை. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்று. மாமியார் விடமாட்டார், மகனைப் பெற்றவள் ஏன் விடப்போகிறாள்? தங்கையின் கல்யாணம் மட்டும் நிஜமாகவே கரைந்து போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இந்தப் படிக்கட்டில் சாயங்காலம்வரை ஓடினாலும் இதே மாடிகளுக்கு நடுவில்தான் ஓட வேண்டும்.

காபி ஆறிப்போயிருந்தது. இருவரும் குடிக்கவில்லை.

"நான் போய் வேணாம்னு சொல்லிடறேன்" என்றான் அவன். "என் பொண்டாட்டியை அறுக்க விடமாட்டேன்னு சொல்றேன். என்னைத் திட்டட்டும்."

"அப்பவும் நீங்கதான் சொன்னதா ஆகும். ஏற்கெனவே எனக்காக ஒருத்தங்க பேசித்தான் இந்தக் கூத்து." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இப்படி உக்காந்து பிரயோஜனம் இல்லை. வாங்க."

ஐஸ்பெட்டி அக்காவிடம் போய், "அக்கா, நான் ஓடிட்டேன். இன்னும் அரை மணி நேரம் குடுங்க" என்றாள்.

ஐஸ்பெட்டி அக்கா அவள் கழுத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்தாள். பின்னால் நின்ற கணவனைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "சொன்னீங்களே, அது போதும். உக்காருங்க. இந்தத் தடவை என் கண்ணு முன்னாடி" என்றாள்.

கை வைத்த நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பேசக் கூடாது, எழக் கூடாது. எதிரே தொட்டியில் யார் யாருடைய ரத்தமோ உறைந்து நின்றுகொண்டிருந்தது. முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் அடங்கியது. வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்தாலும் யாராவது வந்து தலையணை வைப்பார்கள். இங்கே யாரும் அவளைத் தொடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மெதுவாகத் தெளிந்தது. தெளிந்தபோது பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை.

ஐஸ்பெட்டி அக்கா ரப்பர் பட்டையை ஒரு நொடி கட்டி உடனே அவிழ்த்தாள். ஊசி குத்தியது. குழாய் ஐஸுக்குள் போனது. "இனிமே இதைச் சுத்தி, பிரிச்சு, உறைய வெச்சு, அப்புறம் தொட்டியில வெச்சுக் காத்திருக்கணும். நேரமாகும். நல்ல ரத்தம்னா சீக்கிரம் கரையாது. போய்ச் சாப்பிட்டு வாங்க."

"அத்தான் மெஷின்ல இருக்காரா?" என்று சின்னவள் வெளியே வந்ததும் கணவனைக் கேட்டாள்.

"இருக்கான். முதல் மாடி. ஏன், முடிவு வரட்டுமே?"

"முடிவு வந்தா அது பேச ஆரம்பிச்சுடும். அதுக்கு முன்னாடி நான் பேசிடறேன்."

டயாலிசிஸ் கூடத்தில் கட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின், குழாய்களில் சிவப்பு சுற்றிக்கொண்டிருந்தது. மாமியார் இன்னும் டாக்டர் அறையில் இருந்தார். கணவன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தே காலம் தள்ளியவர். "வாம்மா" என்றார் அவளைப் பார்த்ததும். "இத்தனை வருஷம் நான் பக்கத்துல உக்காந்து ஊரையே மிரட்டுனேன். இப்ப இது என் பக்கத்துல உக்காந்து மிரட்டுது. டெஸ்ட் ஆச்சா? பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் தெரியல அத்தான்." அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது எப்படி வந்தாலும் சரி. நான் குடுக்கல அத்தான். எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. மெஷின் அதுபாட்டுக்குச் சுற்றியது. அத்தானின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"நான் உன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டேனா?" என்றார் கடைசியில்.

"இல்ல."

"பெருந்தன்மைன்னு நினைச்சுக்காத. கேட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அம்மா கேக்காமலே வாங்கிட்டாங்க. நல்லதாப் போச்சுன்னு நானும் கண்ணை மூடிக்கிட்டேன்." அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "கோபமா இருக்கு. உன்மேல இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் பேசாத."

அவள் போகவில்லை. கட்டில் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் கழித்து அவர் திரும்பாமலே, "தண்ணி வேணும். ஒரு வாய்தான். அதுக்கு மேல குடுத்தா நர்ஸ் அடிப்பா" என்றார். அவள் கொடுத்தாள். மூடியில் ஊற்றி, ஒரே ஒரு வாய்.

"வரிசையில பேரு குடுத்திருக்கோம்" என்றார் விழுங்கிவிட்டு. "செத்தவங்க கிட்னிக்கு. நீ வந்ததும் அதை மறந்தே போயிட்டோம். அதைப் போய்ப் பாக்கச் சொல்லணும் உன் புருஷனை."

அப்போதுதான் மாமியார் வந்தார். வந்தார் என்று சொல்வது பொருந்தாது, பாய்ந்தார். முகம் முழுக்க வெளிச்சம். வழியில் நின்ற மகனையும் கையோடு உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்.

"கரையலையாம்! அந்த அக்கா இப்பத்தான் சாய்ச்சுக் காட்டுனா, என் கண்ணால பாத்தேன். கல்லு மாதிரி நிக்குது! போன தடவை எல்லாம் நான் ஓட வெச்ச கூத்து. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். உங்கம்மாகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடி நின்னு..."

"அத்தை" என்றாள் சின்னவள். எழுந்து நின்றாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "என் ரத்தம் நல்லா இருக்குன்னா சந்தோஷம். ஆனா நான் கிட்னி குடுக்கப் போறதில்ல."

மாமியார் புரியாமல் பெரிய மகனைப் பார்த்தார். "என்னடா சொல்றா இவ?"

"அவகிட்டயே கேளும்மா."

"பயத்துல பேசறா. யாருக்குத்தான் பயம் இருக்காது? பயம் போனா..."

"பயம் இருக்கு அத்தை. பயம் போனாலும் வேணாம்."

மாமியாரின் கை மருமகளின் தோளில் இருந்தது. அதை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் அவர் நின்றார். "அப்ப என் புள்ளை?" என்றார். அதட்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார், வழி தெரியாத ஊரில் வழி கேட்பதுபோல.

சின்னவள் முக்காலியை மாமியார் பக்கம் நகர்த்தினாள். அவர் முதலில் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தார்.

கோடியிலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தாள். "அங்க என்ன கூட்டம்? ஒரு பேஷன்ட்டுக்கு ஒருத்தர்தான். மத்தவங்க வெளிய போங்க."

கணவன் கதவைப் பார்த்தான். மாமியார் சேலை முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். யாரும் நகரவில்லை. சின்னவளும் நகரவில்லை.